2003-ல ரைட் பண்ணி வெச்ச சிடி: உள்ள மெயில், காலண்டர். எப்படி வெளிய எடுக்குறது?

#1 கருந்திரை

அலமாரியை ஒழிச்சப்போ ஒரு சிடி கெடச்சுது. மேல மார்க்கர்ல என் கையெழுத்து: "எல்லாம் - 2003". அந்த 'எல்லாம்' என்னன்னு எனக்கே நெனப்பில்ல. லேப்டாப்புல சிடி டிரைவ் கெடயாது, யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மூணு ஃபோல்டர் இருக்கு. ஒண்ணுல யூடோராங்கிற பழைய மெயில் ப்ரோக்ராமோட மெயில். இன்னொண்ணுல பைன்ங்கிற வேற மெயில் ப்ரோக்ராம்ல இருந்து எடுத்த சென்ட்-மெயில் ஃபைலுங்க, மாசத்துக்கு ஒண்ணா. மூணாவது என் பாம் பைலட்டோட (அந்தக் காலத்துக் கையடக்க டைரிக் கருவி) பேக்கப், எல்லாம் பிடிபி ஃபைல்.

முதல் ஃபோல்டரைக் காப்பி பண்ணும்போதே பாதியில டிரைவ் திணற ஆரம்பிச்சுடுச்சு. பயந்து நிறுத்திட்டேன். டேய் பழையவட்டு, இந்தப் பக்கம் வந்தா ஒரு பதில் போடு.

#2 பழையவட்டு

நிறுத்தினியே, அந்த மட்டும் புத்தி இருக்கு.

இனிமே அந்த சிடியில இருந்து ஃபைல் ஃபைலா காப்பி பண்ணாத. முதல்ல முழு வட்டையும் ஒரே இமேஜா, அதாவது அச்சு அசல் பிரதியா ஒரே ஃபைல்ல எடு, அப்புறம் எல்லா வேலையும் இமேஜ் மேல தான். டிடிரெஸ்க்யூங்கிற ப்ரோக்ராம் போதும். அது சுலபமா வர்றதை முதல்ல அள்ளிக்கும், அடம்பிடிக்கிற இடத்தை மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுட்டுக் கடைசியில திரும்பப் போகும். ஒரு டிரைவ்ல வராத செக்டர் (வட்டுல ஒரு துண்டு) இன்னொரு டிரைவ்ல வரும். அதே மேப் ஃபைலைக் குடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரும்.

சிடியில எழுதுறது உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிய போகும். அதனால கடைசியா எழுதின ஃபைலுங்க ஓரத்துல இருக்கும், கைபட்டுக் கீறல் விழுறதும் ஓரத்துல தான். துடைக்கணும்னா நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடை. வட்டமா துடைச்சா கீறல் தடத்தோடயே ஓடும், அப்புறம் பிழைதிருத்தக் கோடாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

#3 கருந்திரை

எடுத்தாச்சு! முதல் டிரைவ்ல 200 செக்டருக்கு மேல நின்னுடுச்சு. ரெண்டாவது டிரைவ்ல போட்டதும் 7 செக்டர் தான் பாக்கி. ஒண்ணு 2048 பைட்னா மொத்தம் 14 கேபி சொச்சம். அது போனா போகட்டும்.

யூடோராவோட இன்.எம்பிஎக்ஸ் ஃபைலைச் சும்மா டெக்ஸ்ட் எடிட்டர்ல இழுத்துப் போட்டேன். திறந்துடுச்சு டா! நோட்புக்கை விரிச்ச மாதிரி வரிசையா மெயில். ஆனா ஒவ்வொரு மெயிலுக்கு மேலயும் "ஃப்ரம் ???@???"னு ஒரு வரி. சிடி கெட்டதால வந்த கேள்விக்குறியா அது?

#4 பழையவட்டு

இல்ல இல்ல, அது யூடோராவோட கைரேகை. எம்பாக்ஸ் முறையில மெயிலை எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒரே ஃபைல்ல ஒட்டிட்டே போவாங்க. எது எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட "ஃப்ரம்", ஒரு இடைவெளி, அப்புறம் அனுப்பினவர் முகவரி, தேதி. யூடோரா அந்த முகவரி இடத்துல எப்பவுமே ???@???னு தான் போடும். உனக்கு நல்லது தான், அந்த வரியை கிரெப் கட்டளையால தேடி எண்ணினா மொத்தம் எத்தனை மெயில்னு வந்துடும்.

இந்த எம்பாக்ஸ்ல ஒரு கூத்து உண்டு. மெயிலுக்குள்ள ஒரு வரியே "ஃப்ரம்"னு ஆரம்பிச்சா என்ன பண்றது? முன்னாடி ஒரு > குறி சேர்த்துடுவாங்க. பழைய இங்கிலீஷ் மெயில்ல எல்லாம் சம்பந்தமில்லாம நடுவுல ஒரு > நிக்கும் பாரு, அது தான். தமிழ்ல எழுதினவனுக்கு இந்தத் தொல்லையே இல்ல. நமக்கு வேற தொல்லை.

பக்கத்துல டிஓசி ஃபைலுங்க இருந்தா அது வெறும் அட்டவணை. தொலைஞ்சாலும் கவலை இல்ல, எம்பிஎக்ஸ்ல இருந்து மறுபடி கட்டிக்கலாம்.

#5 கருந்திரை

6,214 மெயில்!

ஆனா ஒரு அடி. நிறைய மெயில் கீழ "அட்டாச்மென்ட் கன்வர்ட்டட்: சி:\யூடோரா\அட்டாச்\..."னு ஒரு வரி மட்டும் நிக்குது. படம், டாக்குமென்ட் எதுவும் மெயிலுக்குள்ள இல்ல. அட்டாச்னு ஒரு ஃபோல்டர் சிடியிலயும் இல்ல.

#6 பழையவட்டு

ஐயோ. நீ மெயில் பாக்ஸை மட்டும் காப்பி பண்ணியிருக்க.

மெயில் வழியில் 7 பிட் எழுத்து தான் போகும்னு இருந்த காலம் அது. அதனால எந்த ஃபைலையும் பேஸ்64-ஆ மாத்தி அனுப்புவாங்க. 3 பைட்டை 4 எழுத்தா ஆக்கும், அதாவது மூணுல ஒரு பங்கு வீங்கும். அந்த வீக்கத்தோட ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்க வேணாம்னு யூடோரா வந்த உடனே பிரிச்சு, நிஜ ஃபைலா அட்டாச் ஃபோல்டர்ல போட்டுட்டு, மெயில்ல பாதையை மட்டும் எழுதி வெக்கும். டிஸ்க் சின்னதா இருந்த நாள்ல நல்ல யோசனை தான். ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கணும்னு தெரியாதவனுக்குத் தான் கஷ்டம்.

#7 கருந்திரை

தெரியாதவன் நான் தான். ஃபைல் பேரெல்லாம் பாக்கப் பாக்க வயிறு எரியுது. "கல்யாணம்03.ஜேபிஜி"ன்னு ஒண்ணு. யார் கல்யாணம்னு கூட மெயில்ல இல்ல.

#8 நேத்துவந்தவன்

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும் அண்ணா. மெயில் எல்லாம் சர்வர்ல இருக்காதா? லாகின் பண்ணி எடுத்துக்க முடியாதா? ஏன் சிடி?

#9 பழையவட்டு

நல்ல கேள்வி தம்பி. அப்ப பெரும்பாலானவங்க பாப்3ங்கிற முறையில தான் மெயில் எடுத்தோம். அதோட பழக்கமே, இறக்கி முடிச்சதும் சர்வர்ல அழிச்சுடுறது. தபால்பெட்டியைத் திறந்து கடுதாசியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா பெட்டி காலி, அந்த மாதிரி. ஐமேப்ங்கிற இன்னொரு முறையை 1986-லேயே மார்க் கிறிஸ்பின் ஆரம்பிச்சுட்டார். அது எல்லாத்தையும் சர்வர்லயே வெச்சுக்கும். ஆனா சர்வர்ல இடம்? இலவச மெயில்ல சில எம்பி தான் குடுப்பாங்க. ரெண்டு படம் வந்தா "பெட்டி நிரம்பிடுச்சு". 2004 ஏப்ரல் 1 அன்னைக்கு ஜிமெயில் 1 ஜிபி தர்றோம்னு சொன்னப்போ ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னே நிறைய பேர் நெனச்சாங்க.

அதனால இவன் சிடி தான் ஒரே பிரதி.

#10 கருந்திரை

அடுத்து பைன் ஃபோல்டர். இங்க நீ சொன்ன 'வேற தொல்லை' வந்துடுச்சு. மூணு வகையா குப்பை. சில மெயில்ல தலையில சாய்கோடு போட்ட ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், திரும்பத் திரும்ப அதே ஜோடி. சிலதுல ஒழுங்கே இல்லாத கிறுக்கல். சில சப்ஜெக்ட்ல "=?யுடிஎஃப்-8?பி?"ன்னு ஆரம்பிச்சு ஒரு நீளச் சரம். எல்லாமே தமிழா இருக்கணும்.

#11 பழையவட்டு

முதல் வகை யூனிகோட். ஒரு கோளாறும் இல்ல, திறக்கிற எடிட்டர் லத்தீன்-1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய குறியேற்றம்) நெனச்சுக் காட்டுது, அவ்வளவு தான். யூனிகோடை பைட்டா எழுதுற முறை யுடிஎஃப்-8, அதுல ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் ஹெக்ஸ்ல (பதினாறடி எண்ணுல) எப்பவும் ஈ0, அது தான் அந்த சாய்கோடு ஏ. ரெண்டாவது ஏஈ, இல்லன்னா ஏஎஃப். ஏஈ தான் உன்னோட வட்டத்துக்குள்ள ஆர். குப்பையில அந்த ஜோடியைப் பார்த்தா தமிழ் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.

மூணாவது வகை அதே யூனிகோட், பேஸ்64-ல சுத்தினது. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. நம்ம குறிக்கு 3 பைட், பேஸ்64 மூணை நாலாக்கும். ஆக ஒவ்வொரு தமிழ்க் குறியும் சரியா 4 எழுத்து! 'அ' வந்தா 4கே6எஃப். எந்தக் குறியா இருந்தாலும் 4கே6, இல்லன்னா 4கே+ன்னு தான் தொடங்கும். அதனால சரத்தைப் பார்த்த மாத்திரத்துல "இது தமிழ்"னு சொல்லிடலாம். முதல் சொல் முடியுற வரைக்கும் இந்தத் தாளம் இருக்கும். நடுவுல ஒரு பைட் இடைவெளி வந்ததும் தாளம் நகர்ந்துடும். மூணு இடைவெளி தாண்டினா மறுபடி 4கே. நான் வேலைவெட்டி இல்லாத ஒரு மத்தியானம் இதை உட்கார்ந்து பார்த்திருக்கேன்.

கிறுக்கல் தான் நிஜமான வேலை. அது டிஸ்கியா இருக்கும். 128-க்கு மேல இருக்கிற இடத்துல எல்லாம் தமிழ் வடிவங்களை அடுக்கின குறியேற்றம். அந்த எழுத்துரு இருந்தா படிக்கலாம், இல்லன்னா கிறுக்கல்.

#12 கருந்திரை

அப்ப ஒரு அட்டவணை போட்டு ஒவ்வொரு பைட்டையும் மாத்திட்டா ஆச்சா?

#13 பழையவட்டு

மாத்திப் பாரு, 'கொடி' எப்படி வருதுன்னு சொல்லு.

டிஸ்கி கண்ணுக்குத் தெரியுற வரிசையில எழுதும். முதல்ல ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல முதல்ல க, அப்புறம் ஒகரக் குறி ஒண்ணே ஒண்ணு. இடம் மாத்தாம நேரா மாத்தினா கொம்பு முந்தின எழுத்துல போய் ஒட்டிக்கும். அதனால நீயா எழுதாத. லினக்ஸ்ல ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும், லினக்ஸோட அடிப்படை நூலகமான ஜிலிப்சி கூடவே வருது. டிஸ்கியில இருந்து யுடிஎஃப்-8னு சொன்னா போதும். ஆனா மெயில் தலைப்புல இருக்கிற கேரக்டர்செட்டை நம்பாத. ஐஎஸ்ஓ-8859-1னு (அந்த லத்தீன்-1 தான்) கூசாம பொய் சொல்லியிருக்கும். முதல்ல யுடிஎஃப்-8-ஆ செல்லுதான்னு சோதி, செல்லலன்னா மட்டும் டிஸ்கி பக்கம் தள்ளு.

#14 கருந்திரை

வந்துடுச்சு மாப்ள. ரெண்டு நாளா ராத்திரி தூங்கல. மாத்துறது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, படிக்கிறது தான் முடியல. 23 வயசுல நான் எழுதின மெயில் எல்லாம் என்ன ஒரு தோரணை! எதுக்கெடுத்தாலும் மூணு ஆச்சரியக்குறி. உனக்கு லினக்ஸ் பத்தி எழுதின ஒரு மெயில்ல கையெழுத்துப் பகுதி மட்டும் 11 வரி.

சரி, மெயில் கதை முடிஞ்சுது. மிச்சம் காலண்டர். டேட்புக்டிபி.பிடிபி, பைலட்-எக்ஸ்ஃபர்ங்கிற கருவியால எடுத்த பேக்கப். இது சின்ன விஷயம்னு தோணுது. ஒரு பதிவுக்கு ஆறு பைட், தேதியும் நேரமும் தானே.

#15 பழையவட்டு

பைட் கம்மின்னா சின்ன விஷயம்னு யார் சொன்னது? மெயில் நடந்து முடிஞ்ச சமாச்சாரம், அப்படியே எடுத்துக் காட்டினா போதும். காலண்டர் அப்படி இல்ல. அது ஒரு கட்டளை: "இந்த விதிப்படி எண்ணி, இந்த நேரத்துல என்னை எழுப்பு." எண்ணுறவன் மாறினா விடையும் மாறும்.

ரெண்டும் ஒரு காலத்துல ஒரே குடும்பம், தெரியுமா? 1979-ல வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்ல காலண்டர்னு ஒரு கட்டளை. உன் ஹோம் டைரக்டரியில காலண்டர்னு பேர் வெச்சு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு வரிக்கு ஒரு வேலை, எங்கயாவது தேதி இருந்தா போதும். விடிகாலையில கிரான் (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற ப்ரோக்ராம்) அதை ஓட்டும். எல்லாருடைய ஃபைலையும் துழாவி, இன்னைக்கோ நாளைக்கோ தேதி இருக்கிற வரியை அவங்கவங்களுக்கு மெயில் பண்ணிடும். வெள்ளிக்கிழமைன்னா 'நாளை' திங்கள் வரைக்கும் நீளும். அதுக்கு மேல இன்னைக்கு நாம என்ன பெருசா கிழிச்சுட்டோம்னு எனக்குத் தோணுறது உண்டு.

சரி, ஒரு பதிவை ஹெக்ஸ்ல காட்டு.

#16 கருந்திரை

அந்தக் காலண்டர் கட்டளைக்கு டைம்ஜோன் தெரியுமா, ரெண்டு பேரை ஒரே மீட்டிங்குக்குக் கூப்பிடத் தெரியுமா? பழசுன்னாலே உனக்குப் பல்லு தெரியும் :)

இந்தா பதிவு. முதல்ல கண்ணுல பட்டது:

14 00 14 1ஈ சி0 சி4 2சி

#17 பழையவட்டு

சரி, அந்தப் பாயிண்ட் உனக்கு.

கையாலயே பிரிக்கலாம். முதல் ரெண்டு பைட் ஆரம்பம்: ஹெக்ஸ் 14 = 20 மணி, 00 நிமிஷம். அடுத்தது முடிவு: 20 மணி, 1ஈ = 30 நிமிஷம். அதுக்கப்புறம் ரெண்டு பைட்ல முழுத் தேதி. 16 பிட்டை 7, 4, 5னு வெட்டு. வருஷம் 96, மாசம் 6, நாள் 4. வருஷத்தை 1904-ல இருந்து எண்ணணும், அப்ப 2000 ஜூன் 4. ஞாயித்துக்கிழமை. ராத்திரி எட்டுல இருந்து எட்டரை.

ஏழு பிட்ல 127 தான் உச்சம். 1904 + 127 = 2031. பாம் காலண்டர் 2031 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுடும். 32 பிட் யூனிக்ஸ் கடிகாரம் 2038 ஜனவரி 19 வரைக்குமாவது ஓடும்.

கடைசி 2சி கொடிகள்: 32 + 8 + 4. 32னா திரும்பத் திரும்ப வரும். 8னா சில தேதிக்கு விலக்கு உண்டு. 4னா தலைப்பு உண்டு. 64 இருந்தா அலாரம். இதுல இல்ல. தலைப்பு என்ன?

#18 கருந்திரை

(சிரிக்காத) "வட்டுக்கு போன்". தங்கிலீஷ்ல.

வாரா வாரம். முடிவு தேதி இடத்துல எஃப்எஃப் எஃப்எஃப்.

#19 பழையவட்டு

எஃப்எஃப் எஃப்எஃப்னா 'என்னைக்கும்'னு அர்த்தம். வாரா வாரம், என்னைக்கும், எனக்கு போன். ஆனா அலாரம் வெக்கல. இப்பத் தான் புரியுது நீ ஏன் கூப்பிடவே இல்லன்னு.

#20 கருந்திரை

நான் பாதி தடவையாவது கூப்பிட்டிருப்பேன் டா!

விலக்கு ஒரே ஒரு தேதி: 2002 நவம்பர் 17. ஏன்னு மண்டையைப் போட்டுக் குழப்பிக்கிட்டேன். அப்புறம் பைன் ஃபோல்டர்ல சென்ட்-மெயில்-நவ்-2002 திறந்து பார்த்தா, 14-ஆம் தேதி உனக்கு நான் எழுதினது: "சனிக்கிழமை வந்துடு, ரெண்டு நாள் தங்கிட்டுப் போ, மானிட்டரைத் தூக்க ஆள் வேணும்." நீ என் வீட்டுலயே இருந்திருக்க. போன் எதுக்குன்னு அந்த வாரத்தை மட்டும் அழிச்சிருக்கேன்.

#21 பழையவட்டு

அந்த 19 இஞ்ச் சிஆர்டி! என் இடுப்பு இன்னும் மறக்கல.

#22 கருந்திரை

இப்ப ஐகேலண்டர் ஃபைலா (காலண்டர் ப்ரோக்ராமுங்களுக்குப் பொதுவான வடிவம்) மாத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தலைப்பை எல்லாம் தமிழ்லயே மாத்தி எழுதினேன். ஒரு ப்ரோக்ராம்ல ஒழுங்கா வருது. போன்ல இருக்கிற இன்னொண்ணுல நீளத் தலைப்பு எல்லாம் நடுவுல கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி. எங்க தப்பு?

#23 பழையவட்டு

வரியை 75-ல மடிச்சியா?

#24 கருந்திரை

ஆமா, விதியில அப்படித் தானே இருக்கு. 75 பைட்டுக்கு மேல போனா வரியை உடை, அடுத்த வரியை ஒரு இடைவெளியோட ஆரம்பி.

#25 பழையவட்டு

எண்ணிப் பாரு. "சம்மரி:"ங்கிற புலப்பேர் இங்கிலீஷ்ல 8 பைட் தின்னும். மிச்சம் 67. தலைப்புல இடைவெளியே இல்லன்னு வெச்சுக்க, 22 குறிக்கு 66 பைட். 67-ஆவது பைட் அடுத்த எழுத்தோட முதல் மூணுல ஒரு பங்கு. நீ எழுத்தை நடுவால வெட்டியிருக்க. முதல்ல பைட்டா ஒட்டி, அப்புறம் எழுத்தா படிக்கிற ப்ரோக்ராம்ல சரியா வரும். வரி வரியா எழுத்தாக்குறதுல வைரம் வரும். 75ங்கிறது உச்சவரம்பு தான், அதுக்கு முன்னாடியே மடிக்கலாம். குறி முடியுற இடத்துல மடி.

#26 நேத்துவந்தவன்

இங்கிலீஷ்ல மட்டும் சோதிச்சா இது கண்ணுலயே படாதுல்ல அண்ணா?

#27 பழையவட்டு

படவே படாது தம்பி. அதான் இத்தனை வருஷமா உயிரோட இருக்கு.

#28 கருந்திரை

சரியாயிடுச்சு. வைரம் எல்லாம் போச்சு.

இன்னும் ஒண்ணு தான். அந்த 'என்னைக்கும்'. ஐகேலண்டர்ல அன்டில் (முடிவு தேதி) போடாம விட்டா இப்பவும் வாரா வாரம் வந்து நிக்கும். 2031 கடைசி வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், விலக்கைக் கழிச்சு 1,647 தடவை. வெட்டிடவா?

#29 பழையவட்டு

வெட்டாத. ஆனா எட்டு மணின்னா யாருக்கு எட்டு? பாம்ல டைம்ஜோனே கெடயாது, சும்மா எட்டு. அப்ப நாம ஒரே ஊர்ல இருந்தோம், கேள்வியே வரல. இப்ப நான் வேற ஜோன்ல இருக்கேன். அப்படியே மிதக்க விட்டா, என் போன்ல திறந்தா எனக்கு எட்டு, உன் போன்ல உனக்கு எட்டு. யூடிசியில (உலகப் பொது நேரத்துல) பூட்டினா, வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துற ஊர்ல ஒரு மணி நேரம் நகர்ந்துடும். திரும்பத் திரும்ப வர்றதை யூடிசியில வெக்கவே கூடாது. ஊர் பேரோட டிஇசட்ஐடி (டைம்ஜோன் அடையாளம்) போடணும். அரசாங்கம் விதியை மாத்தினா ஊர் ஊருக்கு நேர விதி இருக்கிற டிஇசட்டேட்டா கோப்பைப் புதுப்பிச்சா போதும், பதிவைத் தொட வேணாம். சமோவா 2011-ல டிசம்பர் 30-ஐயே காலண்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. அப்படிப்பட்டதைக் கூட அந்தக் கோப்பு தாங்குது.

#30 கருந்திரை

சரி, டிஇசட்ஐடி போடுறேன். யாரு ஊரு? உன்னோடதா, என்னோடதா?

#31 பழையவட்டு

உன்னோடது. கூப்பிட வேண்டியவன் நீ.

64-ஐயும் சேர்த்துடு.